மைசின் என்னும் வால்

எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் அலமாரியில் ஒரே வால் கொண்ட பெயர்கள் வரிசையாக இருக்கும். தொண்டைப் புண்ணுக்கு அசித்ரோமைசின். முகப்பருவுக்குக் கிளின்டாமைசின் ஜெல். வெட்டுக்காயத்தில் தூவும் பொடிக்குள் நியோமைசின். பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சொட்டுச்சொட்டாக இறங்கும் வான்கோமைசின். காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை அறுபதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘மைசின்’ என்று முடிந்தால் அது ஆன்டிபயாடிக் என்று நம் ஜனங்களிடம் ஒரு கணக்கு உண்டு. அது பெரும்பாலும் சரி. அதை ஒட்டி இன்னொரு கணக்கும் போடுகிறார்களே, அதுதான் தப்பு: எல்லாம் மைசின், ஆகவே எல்லாம் ஒரே இனம். அப்படியில்லை. இந்த வால் மருந்தின் வேலையைச் சொல்வதில்லை. அது பிறந்த இடத்தைச் சொல்கிறது. அதையும் தப்பாகச் சொல்கிறது.

தப்பு தொடங்கியது ஒரு மாட்டின் தாடையில். தாடை கல்லாக வீங்கி, உடைந்து, சீழ் வடியும் நோய் ஒன்று மாடுகளுக்கு உண்டு. சீழைப் பிதுக்கினால் மஞ்சள் நிறத்தில் பொடி மணிகள் வரும். ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் கால்நடை நோயியல் அறிஞர் போலிங்கர் அந்த மணிகளைக் கவனித்து, தாவரவியல் தெரிந்த கார்ல் ஹார்ட்ஸிடம் கொடுத்தார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஹார்ட்ஸுக்கு, நடுவிலிருந்து சூரியக் கதிர் போல நாலாபுறமும் கிளம்பும் இழைகள் தெரிந்தன. இழை இழையாக வளர்வது பூஞ்சைதானே? 1877இல் அதற்கு ‘அக்டினோமைசஸ்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘அக்டிஸ்’ என்றால் கதிர். ‘மைகேஸ்’ என்றால் காளான். ஆக, கதிர்க்காளான்.

அந்த ‘மைகேஸ்’ வெகு பழைய சொல். ட்ராய்ப் போர்க் கதையில் வரும் அகமெம்னான் ஆண்ட மைசினே நகரத்தின் பெயருக்கே இதைக் காரணமாகச் சொல்வார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றி எழுதிய பௌசானியஸ் இரண்டு கதைகளைப் பதிவு செய்கிறார். கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் வாளுறையின் குமிழ் அங்கே கழன்று விழுந்ததாம். காளான் குடை வடிவத்தில் இருந்ததால் குமிழுக்கும் மைகேஸ் என்றே பெயர். இன்னொரு கதையில், தாகத்தோடு வந்த அவன் ஒரு காளானைப் பிடுங்க, அந்த இடத்தில் தண்ணீர் ஊறியதாம். ஊர்ப்பெயர்க் கதைகளை எவ்வளவு நம்பலாம் என்பது நம் தலபுராணங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். சொல் மட்டும் உறுதி. பூஞ்சையியலுக்கும் பூஞ்சைநோய்களுக்கும் மேல்நாட்டு மொழிகளில் இன்று வழங்கும் பெயர்கள் எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை.

ஹார்ட்ஸ் பார்த்தது பூஞ்சை அல்ல, பாக்டீரியா. இழையாக நீள்வதும், விதைத்தூள் விடுவதும், மண்ணில் மட்கியதைத் தின்று வாழ்வதும் பூஞ்சையின் லட்சணங்கள்தான். ஆனால் இந்த இழைகள் பூஞ்சை இழைகளைவிடப் பல மடங்கு மெலிந்தவை. உள்ளே உட்கரு இல்லை. செல்சுவரின் கட்டுமானமும் பாக்டீரியாவுடையதே. இது தீர்மானமாகத் தெரிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. உயிரியலில் பெயரிடும் விதி அப்படி: முதலில் வைத்தது நிற்கும், பொருள் பிழையானாலும் நிற்கும்.

இந்தக் கதிர்க்காளான்களையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் செல்மன் வாக்ஸ்மன். உக்ரைனில் பிறந்து 1910இல் அமெரிக்கா போன யூதர். நியூஜெர்சியின் ரட்கர்ஸில் மண்ணியல் ஆய்வாளர். ‘ஆன்டிபயாடிக்’ என்ற சொல்லை இன்றைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு பிடி மண்ணுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இடத்துக்கும் இரைக்கும் சண்டை போடும்போது எதிரியை அடக்க எதையோ சுரக்கத்தான் வேண்டும், அதைப் பிரித்தெடுத்தால் மருந்தாகும் என்பது அவர் யோசனை. 1940இல் அவருடைய கூடத்தில் கிடைத்த பொருளுக்கு, சுரந்த உயிரின் பெயரை ஒட்டி ‘அக்டினோமைசின்’ என்று பெயரிட்டார்கள். அங்கே இந்த வாலோடு பிறந்த முதல் பிள்ளை அதுதான். அது கிருமியைக் கொன்றது. சோதனை விலங்கையும் சேர்த்துக் கொன்றது. பின்னாளில் குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. ஆன்டிபயாடிக்குகளுக்கெல்லாம் வால் கொடுத்த தலைமகன் ஆன்டிபயாடிக்காக ஒருநாளும் பிழைக்கவில்லை.

1943இல் வாக்ஸ்மனும் நுண்ணுயிரியலாளர் ஹென்ரிசியும் மண்ணில் வாழும் கதிர்க்காளான்களில் ஒரு பெரும் பிரிவைத் தனியே பிரித்து ‘ஸ்ட்ரெப்டோமைசஸ்’ என்றார்கள். ‘ஸ்ட்ரெப்டோஸ்’ என்றால் முறுக்கியது. முறுக்குக் காளான். அதே ஆண்டு அக்டோபரில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், சாம்பல் நிறக் கூட்டமாக வளரும் ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். அந்த உயிரின் ஒரு கூட்டம் எரு போட்ட வயல் மண்ணிலிருந்து வந்தது. இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து. பொருளின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின். தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைக் கொல்வதால் இந்தப் பெயர் என்று படித்தவர்களே நினைப்பதுண்டு. தொடர்பு இரண்டிலும் உள்ள முறுக்கு மட்டுமே. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிராக இந்த மருந்து பெரிய கெட்டிக்காரனும் அல்ல. இதன் புகழ் வேறு: காசநோய்க் கிருமியை வீழ்த்திய முதல் ஆன்டிபயாடிக். பென்சிலினால் ஆகாத காரியம் அது.

1944இல் வந்த கட்டுரையில் மூன்று பெயர்கள்: ஷாட்ஸ், அதே கூடத்தின் ஆய்வாளர் எலிசபெத் பூகி, வாக்ஸ்மன். காப்புரிமையில் பூகி இல்லை. பணம் வரத் தொடங்கியதும் ஷாட்ஸ் வழக்குப் போட்டார். 1950இல் சமரசமாகி, சட்டப்படி இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தைப் பெற்றார். 1952இன் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. எந்த உயிர் சுரந்தது என்பதை மருந்தின் பெயரில் பொறித்துவைத்தவர்கள், எந்த மனிதர் கண்டெடுத்தார் என்பதில் இவ்வளவு சிக்கனம் காட்டியிருக்க வேண்டாம்.

மருந்தின் மறுபக்கமும் சீக்கிரமே தெரிந்தது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1948இல் ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் காசநோயோடு படுத்திருந்தபோது, அமெரிக்காவிலிருந்து தருவித்த ஸ்ட்ரெப்டோமைசினை அவருக்குப் போட்டார்கள். தோல் சிவந்து உரிந்தது, வாயெல்லாம் புண், முடியும் நகமும் கெட்டன. நிறுத்திவிட்டார்கள். மீதி மருந்து வேறு நோயாளிகளுக்குப் போயிற்று. ஆர்வெல்லுக்கு வந்தது ஒவ்வாமை; எல்லாருக்கும் வருவதல்ல. இந்த மருந்தின் உண்மையான பழி காதில் இருக்கிறது. உட்காதில் சமநிலையைக் காக்கும் நுண்மயிர்ச் செல்களையும் ஒலியை வாங்கும் செல்களையும் அது அழிக்கும். தலை சுற்றும், இருட்டில் நடை தள்ளாடும், காதில் இரைச்சல் வரும், சிலருக்குக் காதே அடைந்துபோகும். அந்தச் செல்கள் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. சிறுநீரகத்துக்கும் கெடுதல் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின், ஜென்டாமைசின், நியோமைசின் சேர்ந்த அமினோகிளைகோசைடு வகுப்பு முழுவதற்கும் காதும் சிறுநீரகமுமே பலவீனமான இடங்கள். நியோமைசினைக் களிம்பாகவும் பொடியாகவும் மேலுக்குப் போடுகிறோமே தவிர ஊசியாக ஏற்றாததற்குக் காரணம் இதுதான். மருந்துக்கு மசியாத காசநோய்க்குப் பல மாதம் போட்டுவந்த கானாமைசின் ஊசியை, 2018இல் உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஸ்ட்ரெப்டோமைசின் விற்பனைக்கு வந்ததும் கம்பெனிகள் உலகெங்கும் மண் அள்ளக் கிளம்பின. பாதிரியாரிடம், விற்பனைப் பிரதிநிதியிடம், பயணம் போகிறவரிடம் எல்லாம் “போகிற ஊரில் ஒரு பிடி மண் எடுத்து அனுப்புங்கள்” என்றார்கள். இங்கேதான் பெயர்கள் சுவையாகின்றன. அமெரிக்காவின் மிசௌரி மண்ணில் கிடைத்தது பொன்னிறமாக இருந்ததால், பொன் என்னும் லத்தீன் சொல்லை வைத்து ஆரியோமைசின். 1950இல் வந்த டெர்ராமைசினுக்கு மண்ணே பெயர். ‘டெர்ரா’ என்றால் பூமி. பிலிப்பைன்ஸின் இலோய்லோ வட்டாரத்திலிருந்து டாக்டர் அபெலார்டோ அகிலார் அனுப்பிய மண்ணில், செந்நிறமாய் வளரும் ஒன்று கிடைத்தது. சிவப்புக்குக் கிரேக்கத்தில் ‘எரித்ரோஸ்’. 1952இல் எரித்ரோமைசின் வந்தது. மருந்து வெள்ளைதான், சிவப்பு அதைச் சுரந்த உயிருடையது. கம்பெனி அதன் ஒரு வடிவத்துக்கு ‘இலோசோன்’ என்று பெயர் சூட்டி இலோய்லோவை நினைவில் வைத்தது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகர் மண்ணில் பிறந்தது லிங்கோமைசின். அதன் மூலக்கூற்றில் ஒரு குளோரினை ஏற்றிச் செய்தது கிளின்டாமைசின். நகரத்துக்குப் பெயர் ஆபிரகாம் லிங்கனால் வந்தது. பருவுக்கு ஜெல் தடவும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், எதற்கும் இல்லைதான்.

போர்னியோவின் உட்காட்டிலிருந்து ஒரு பாதிரியார் அனுப்பிய மண்ணில் கிடைத்ததற்கு மட்டும் ஊரும் இல்லை, நிறமும் இல்லை. ‘வென்றடக்கு’ என்று பொருள்படும் ஆங்கில வினையை எடுத்து வான்கோமைசின் என்றார்கள். ஆரம்பத்தில் சரியாகச் சுத்திகரிக்காமல் பழுப்பு நிறத்தில் இருந்ததால் ஆய்வுக்கூடத்தில் அதற்கு ‘மிசிசிப்பிச் சேறு’ என்றொரு பட்டப்பெயரும் இருந்தது. வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்து அரிக்கும். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக இறக்குகிறார்கள்.

இப்படி ஆளுக்கொரு பெயராக வைத்துக்கொண்டே போனால் என்ன ஆவது? 1950களில் உலக சுகாதார நிறுவனம் மருந்துகளின் பொதுப்பெயர்களுக்கு ஒழுங்கு கட்டத் தொடங்கியது. ஸ்ட்ரெப்டோமைசஸிலிருந்து வந்தால் ‘மைசின்’. ஆங்கிலத்தில் அதை ஒய் எழுத்துப் போட்டு எழுத வேண்டும். மைக்ரோமோனோஸ்போரா என்னும் பக்கத்துக் குடும்பத்திலிருந்து வந்தால் ஐ எழுத்து. அதனால் டோப்ராமைசினுக்கு ஒய், ஜென்டாமைசினுக்கு ஐ. இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி கெடுதல். சுரந்த உயிர் வேறு என்பதற்காக ஓர் எழுத்து வேறுபாடு. தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடும் கரைந்துவிடுகிறது.

சுருங்கச் சொன்னால், மைசின் என்பது ஊர்ப்பெயர் மாதிரி. காரைக்குடிக்காரர் என்றால் ஊர் தெரியும். செட்டிநாட்டுச் சமையல்காரரா, கணக்குப் பிள்ளையா என்பது தெரியாது. அசித்ரோமைசின் மேக்ரோலைடு வகுப்பு. எரித்ரோமைசினின் பெரிய வளையத்துக்குள் ஒரு நைட்ரஜனை நுழைத்து, குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் 1980இல் செய்தார்கள். நைட்ரஜனுக்குப் பிரெஞ்சில் ‘அசோட்’. அதுதான் பெயரின் தலைப்பகுதி. மூச்சுக்குழாய் நோய்களுக்கும் டைபாய்டுக்கும் கொடுப்பார்கள். சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதை இது தொடாது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விழுங்கிய மாத்திரை இது. அந்த நோய்க்குப் பயனில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. வயிற்றுப்போக்கும் சிலருக்கு இதயத்துடிப்புத் தாளம் தவறுவதும் இதன் பின்விளைவுகள். மூத்தவள் எரித்ரோமைசினோ வயிற்றைப் பிசையும். குடலை நகர்த்தும் மோட்டிலின் என்ற ஹார்மோனைப் போல அது நடிப்பதே காரணம். அந்தக் குணத்தையே பயன்படுத்தி, மந்தமான இரைப்பையை நகர்த்தவும் அதைக் கொடுக்கிறார்கள்.

கிளின்டாமைசின் இன்னொரு வகுப்பு. மாத்திரையாக உட்கொண்டால் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைத் துடைத்துவிடுவதால், கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கிருமி தலையெடுத்துப் பெருங்குடலையே புண்ணாக்கும். அந்தக் குடல்நோயைத் தீர்க்கக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று, வாய்வழியாக, வான்கோமைசின். ஒரு மைசின் செய்த வினையை இன்னொரு மைசின் வந்து தீர்க்கிறது. இரண்டையும் ‘ஒரே இனம்’ என்று நினைத்து மாற்றிக் கொடுக்கும் கடைக்காரரை என்ன சொல்வது? ப்ளியோமைசின், மைட்டோமைசின் என்று புற்றுநோய் மருந்துகளும் இதே வாலோடு அலைகின்றன. அவை செல்லின் மரபுப்பொருளையே உடைப்பவை. ப்ளியோமைசின் நுரையீரலைத் தழும்பாக்கும்.

எல்லா வாலும் இப்படிப் பொய் சொல்வதில்லை. ‘சிலின்’ என்ற வாலை நம்பலாம். சிறு தூரிகை என்னும் பொருளுள்ள லத்தீன் ‘பெனிசில்லஸ்’ என்பதிலிருந்து ஃப்ளெமிங் 1929இல் வைத்த பெயர் பென்சிலின். அது உண்மையான பூஞ்சை சுரந்தது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், குளாக்சசிலின் எல்லாமே ஒரே மூலக்கூற்றுக் கருவைச் சுற்றிக் கட்டியவை. ஒன்று ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்து மூச்சு முட்டியவர், மற்றதையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. ஆனால் ஆக்மென்டின் என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும்போது அதற்குள் அமாக்சிசிலின் இருப்பது யாருக்குத் தெரியும்? சின்ன எழுத்தைப் படித்தவருக்குத்தான். வணிகப் பெயர் பயனுள்ள வாலை அறுத்துவிடுகிறது. இது எனக்கு மைசின் குழப்பத்தைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. ‘சைக்ளின்’ என்ற வாலும் நேர்மையானது. டெட்ராசைக்ளின் என்றால் நான்கு வளையம். அதனால்தான் ஆரியோமைசினும் டெர்ராமைசினும் பின்னர் வாலை மாற்றிக்கொண்டு குளோர்டெட்ராசைக்ளின், ஆக்சிடெட்ராசைக்ளின் ஆயின. இந்த வகுப்பைச் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கத் தயங்குவதன் காரணம், வளரும் பல்லில் படிந்து மஞ்சளும் பழுப்புமாகக் கறையாக்குவது.

இந்தியாவிலும் ஒரு மைசின் பிறந்தது. புனே அருகே பிம்ப்ரியில் அரசு நடத்திய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையில், எம்.ஜே. திருமலாச்சாரும் அவருடைய குழுவும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பிம்ப்ரினா என்ற உயிரிலிருந்து பூஞ்சையைக் கொல்லும் மருந்தொன்றைப் பிரித்தார்கள். பெயர் ஹாமைசின். உயிரின் பெயரில் ஊர், மருந்தின் பெயரில் தொழிற்சாலையின் முதலெழுத்துகள். சென்னைக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்குண்டு. 1956இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று நிறுவியது. 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசினையும் ஐசோனியசிடையும் தினமும் கொடுக்காமல் வாரம் இருமுறை கொடுத்தே நோயை அடக்கலாம் என்றும் காட்டியது. மையத்தின் ஊழியர்கள் கண் முன்னாலேயே மருந்து உள்ளே போகும், நோயாளி ஏமாற்ற முடியாது. காசநோய் மருத்துவத்தில் பெரிய சேதி அது.

காசநோய் மருந்துகளில் ‘மைசின்’ வாலைப் பாதி உதறிய ஒன்றும் உண்டு. 1957இல் பிரெஞ்சுக் கடற்கரை ஊரான சாங் ரஃபேலின் பைன் மரக்காட்டு மண், இத்தாலியின் மிலான் நகரில் லெபெட்டி கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அப்போது அங்கே ‘ரிஃபிஃபி’ என்ற, கொள்ளைக் கதை சொல்லும் பிரெஞ்சுப் படம் பிரபலம். கொச்சையில் அதற்கு அடிதடி என்று பொருள். மருந்துக்கு ரிஃபாமைசின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைத் திருத்திச் செய்தது ரிஃபாம்பிசின். மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும். வியர்வையும் கண்ணீரும்கூடச் சாயம் பிடிக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த நிறத்தால் கெடுதல் இல்லை. கல்லீரல் பாதிப்பையும், கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைத்துவிடுவதையும்தான் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, இந்தப் பெயர்க் குழப்பத்தின் உச்சம் என்று நான் கருதும் மருந்து: நாட்டாமைசின். 1950களில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே எடுத்த மண்ணில், நெதர்லாந்துக் கம்பெனி ஒன்று இதைக் கண்டது. முதலில் ஊரை வைத்துப் பிமாரிசின் என்றார்கள். பிறகு சுரந்த உயிரான ஸ்ட்ரெப்டோமைசஸ் நட்டாலென்சிஸை வைத்து நாட்டாமைசின். நேட்டால் மாகாணத்தின் பெயர் அது; 1860 முதல் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய அதே நேட்டால். மாகாணத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணம் வாஸ்கோ ட காமா. 1497 கிறிஸ்துமஸ் அன்று அந்தக் கரையோரமாகப் போனதால், கர்த்தர் பிறந்த நாள் என்று பொருள்பட ‘நட்டால்’ என்றார்.

ஆக, கிறிஸ்து பிறப்பும் காளானும் சேர்ந்த பெயர். காளான் என்ற பெயரைச் சுமக்கும் பாக்டீரியா சுரந்தது. அது கொல்வது பூஞ்சையை. பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. நெல் அறுக்கும்போது தாளோ உமியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் புண் வரும் விவசாயிகளுக்கு, தென்னிந்தியாவில் பெரும்பாலும் ஃப்யூசேரியம் போன்ற பூஞ்சையே காரணம். மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளை வைத்து நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், விலை கூடிய புதிய வோரிகோனசோலைவிட இந்தப் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்தே மேல் என்று தெரிந்தது. கரையாத வெண்துகளாக மிதப்பதால் குப்பியை நன்றாகக் குலுக்கி, முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் விட வேண்டும். ஆனால் பாக்டீரியாப் புண்ணும் பூஞ்சைப் புண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே வெளுத்திருக்கும். கண் டாக்டர் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார். கிளைவிட்ட தடித்த இழைகள் தெரிந்தால்தான் நாட்டாமைசின் என்று எழுதுகிறார்.